ஒரே மனிதர், இரண்டு விளக்கங்கள்

மனநலம்: வாசகர் கேள்வி – பதில்

மாநில எல்லையோர ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில், உளச்சிகிச்சை முறைகளைப் பற்றியவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

கேள்வி: என் தம்பிக்கு 34 வயது. கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாக வண்டன்மேட்டுப் பக்கத்து ஏலத் தோட்டங்களுக்குத் தினமும் வேலையாட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்பை ஓட்டுகிறான். அந்த ஜீப் எங்கள் அப்பாவுடையது. அப்பா சென்ற ஆண்டு மாரடைப்பில் இறந்தார். தம்பி வளைகுடாவுக்குப் போக வேண்டும் என்று கேட்டு, அப்பா மறுத்ததால், அதற்கு முன் சில மாதங்களாக இருவரும் பேசிக்கொள்ளவில்லை. இப்போது மலை ஏறும்போது தம்பிக்கு நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது. செத்துவிடுவோம் என்று பயந்து, அப்பா வழக்கமாக நிறுத்தும் டீக்கடை முன்பு வண்டியை நிறுத்திவிடுகிறான். இ.சி.ஜி., எக்கோ, தைராய்டு எல்லாம் சரியாக இருக்கின்றன. தேனியில் பார்த்த உளவியலாளர் ஒரு நோட்டைக் கொடுத்து, பயம் வரும்போது மனத்தில் என்ன ஓடியது என்று எழுதச் சொன்னார். உறவினர் சொல்லிக் கோட்டயத்தில் பார்த்த இன்னொருவர் நோட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அப்பாவைப் பற்றியே பேச வைத்தார். தம்பி அன்று அழுதுவிட்டான். இருவரில் யார் சொல்வது சரி? — வாசகி, கம்பம்

பதில்: இருவரும் வெவ்வேறு கேள்விகளைக் கேட்கிறார்கள், அம்மா. தேனியில் இருப்பவர் கேட்பது, 'இந்தப் பயம் இத்தனை மாதங்களாக அடங்காமல் இருப்பதற்கு எது தீனி போடுகிறது?' என்பதாகும். கோட்டயத்தில் இருப்பவரோ, 'இந்த மனிதருக்கு, இந்தக் காலத்தில், இந்த வடிவத்தில் பயம் வருவானேன்?' என்று கேட்கிறார். முதலாமவருடையது அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, சுருக்கமாகச் சி.பி.டி. என்பார்கள். இரண்டாமவருடையது, ஆழ்மனத்தில் புதைந்திருப்பதைப் பேச்சின் வழியே தேடும் ஃபிராய்டின் உளப்பகுப்பாய்விலிருந்து கிளைத்த உள இயக்கவியல் அணுகுமுறை.

உங்கள் கடிதத்தில் உள்ள ஒரே ஒரு செய்தியை, அதாவது டீக்கடை முன்பு வண்டி நிற்பதை எடுத்துக்கொண்டு, இருவரும் அதை எப்படி வாசிப்பார்கள் என்று பார்ப்போம்.

பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986-இல் முன்வைத்த விளக்கத்தின்படி, பீதித் தாக்குதலுக்கு (உங்கள் தம்பிக்கு வருவது போன்ற திடீர்க் கடும்பயத்துக்கு) ஆளாகிறவர் உடலில் தோன்றும் சாதாரண மாற்றம் ஒன்றை உடனடி ஆபத்து என்று தவறாகப் பொருள்கொள்கிறார். வளைவில் கியர் மாற்றும்போது இதயம் சற்று வேகமாகத் துடிக்கிறது; 'அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது' என்ற எண்ணம் மின்னி மறைகிறது; அந்த எண்ணம் பயத்தைக் கிளப்ப, பயம் அட்ரினலினைச் சுரக்கவைத்துத் துடிப்பை மேலும் கூட்டுகிறது; மூச்சு வேகமாகிறது; வேகமான மூச்சால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை கிறுகிறுக்கிறது, விரல்கள் மரத்துப்போகின்றன; அவையும் மாரடைப்புக்குச் சான்றுகளாகவே எண்ணப்படுகின்றன. டீக்கடை வந்ததும் வண்டி நிற்கிறது, சில நிமிடங்களில் படபடப்பு அடங்குகிறது. நிறுத்தாமலே போயிருந்தாலும் அது அடங்கியிருக்கும். ஆனால் உங்கள் தம்பியின் மனம் எழுதிக்கொள்ளும் கணக்கு வேறு: 'நிறுத்தியதால் பிழைத்தேன்.' இத்தகைய செயல்களைச் சி.பி.டி.யில் பாதுகாப்பு நடத்தைகள் என்பார்கள். கையோடு தண்ணீர் பாட்டில் வைத்திருப்பது, நாடியைத் தொட்டுப் பார்ப்பது, துணைக்கு ஆள் இல்லாமல் வண்டி எடுக்க மறுப்பது ஆகியவை எல்லாம் இதே வகை. அவை ஒவ்வொரு முறையும் பயத்தைத் தணித்து, மொத்தத்தில் அதைக் காப்பாற்றுகின்றன. ஆகவே தேனி உளவியலாளர் அடுத்தடுத்த அமர்வுகளில், அறைக்குள்ளேயே வேகமாக மூச்சு விடச் சொல்லி அதே கிறுகிறுப்பை வரவழைத்துக் காட்டலாம். பின்னர் ஆள் ஏற்றாத ஜீப்பில், என்ன நடக்கும் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு, டீக்கடையைத் தாண்டிப் போய்ப் பார்க்கச் சொல்லலாம். (ஆட்களை ஏற்றிக்கொண்டு இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது என்பதை இங்கேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். பயத்தை அடக்க அவர் குடிக்கிறாரா என்பதையும் கேட்டறிந்து சிகிச்சையாளரிடம் சொல்லுங்கள்.)

கோட்டயத்துக்காரர் அதே டீக்கடையை வேறு விதமாகப் பார்ப்பார். அது அப்பா நிறுத்தும் இடம். ஜீப் அப்பாவுடையது, நோய் அப்பாவுடையது, நிற்கும் இடமும் அப்பாவுடையது. இறந்தவரை இழக்க மனம் ஒப்பாதபோது, அவரையே தனக்குள் வாங்கிக்கொண்டு அவராகவே நடந்துகொள்ளும் நிலையைப் பற்றி ஃபிராய்டு 1917-இல் துயரத்தையும் மனச்சோர்வையும் ஒப்பிட்டு எழுதிய கட்டுரையில் பேசுகிறார். இறந்தவர்மீது அன்போடு கோபமும் கலந்திருந்தால் துயரம் சிக்கலாகும் என்பதும் அக்கட்டுரையின் கருத்து. உங்கள் தம்பிக்கு அப்பாமேல் கோபம் இருந்தது. அந்தக் கோபம் தீருமுன் அப்பா போய்விட்டார். இனி அதை வெளியே காட்டினால் குற்ற உணர்வு. காட்டாவிட்டால் அது போக்கிடமில்லாமல் கிடக்கும். அவர் விரும்பாமலே ஏற்ற இந்த ஜீப்பை ஓட்ட முடியாமல் செய்யும் பயம், ஒரே நேரத்தில் அவரைத் தண்டிக்கவும் செய்கிறது, விடுவிக்கவும் செய்கிறது. உள இயக்கவியலாளர் கவனிக்கும் இன்னொரு களம், சிகிச்சை அறையே. பிரிட்டனின் டேவிட் மலான் இதை ஒரு முக்கோணமாக விளக்கினார்: பழைய உறவில் நிகழ்ந்தது, இன்றைய உறவுகளில் நிகழ்வது, சிகிச்சையாளரிடம் நிகழ்வது ஆகிய மூன்றும் ஒரே வடிவில் அமைந்தால், அந்த வடிவம்தான் புரிந்துகொள்ளப்பட வேண்டியது. வயதில் மூத்த ஆண் சிகிச்சையாளர் ஒரு கேள்வி கேட்டதும் உங்கள் தம்பி வாயடைத்துப் போனால், அந்த மௌனம் வீட்டில் அப்பாவிடம் காட்டிய மௌனமா என்று அவர் யோசிப்பார்.

இவை இரண்டும் ஊகங்களே. நான் உங்கள் தம்பியைப் பார்த்ததில்லை. பார்த்தவர்களும்கூட ஓரிரு சந்திப்புகளில் இதற்கு மேல் உறுதி கொள்ள முடியாது. சிகிச்சையாளரின் விளக்கம் எவ்வளவு அழகாக இருக்கிறது என்பது அளவுகோல் ஆகாது. (மேலே எழுதிய இரண்டாவது விளக்கம் கதைபோல் கோவையாக அமைந்துவிட்டதே, அதனாலேயே அதைச் சற்றுச் சந்தேகத்தோடு வாசிக்க வேண்டும்.) சி.பி.டி.யின் ஊகத்தைச் சரிபார்ப்பது எளிது: எழுதி வைத்த எதிர்பார்ப்பு நடந்ததா, இல்லையா? உள இயக்கவியல் ஊகத்தைச் சரிபார்ப்பது கடினம். வந்தவர் 'ஆமாம்' என்று தலையாட்டுவது போதாது. அந்த விளக்கத்தைக் கேட்டபின் அதுவரை சொல்லாத நினைவோ உணர்ச்சியோ புதிதாக எழுகிறதா என்று பார்க்க வேண்டும். அவர் 'இல்லை' என்று மறுத்தால், அந்த மறுப்பையே தன் கருத்துக்குச் சான்றாக்கிக்கொள்ளும் சிகிச்சையாளரிடமிருந்து விலகிவிடுவது நல்லது.

என் கருத்தைக் கேட்டால், தேனியிலிருந்தே தொடங்குங்கள் என்பேன். இத்தகைய தாக்குதல்கள் திரும்பத் திரும்ப வரும் பீதிக் கோளாறுக்குச் சி.பி.டி.க்கு உள்ள ஆய்வுச் சான்று வலுவானது. எந்த நோய்க்கு எந்தச் சிகிச்சை என்று பரிந்துரைக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு தன் வழிகாட்டு நெறிகளில் அதைப் பரிந்துரைத்து, மொத்தம் 7 முதல் 14 மணி நேரம் வரை என்று கால அளவும் சொல்கிறது. தினசரி வருமானத்தை நம்பியிருக்கும் வீட்டுக்குக் காலமும் ஒரு காரணமே. ஆனால் உள இயக்கவியல் முறைக்குச் சான்றே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நியூயார்க்கில் பார்பரா மில்ராடும் சக ஆய்வாளர்களும் 2007-இல் வெளியிட்ட சிறிய ஆய்வில், பீதிக் கோளாறுக்கென்று வகுத்த உள இயக்கவியல் சிகிச்சையை வாரம் இருமுறையாக 24 அமர்வுகளில் பெற்றவர்கள், தசைத் தளர்வுப் பயிற்சி பெற்றவர்களைவிட அதிக அளவில் குணம் கண்டார்கள்.

தேனி உளவியலாளரிடம் ஒன்றை மட்டும் தவறாமல் சொல்லச் சொல்லுங்கள்: கோட்டயத்தில் அழுததை. அப்பா இறந்த கதையைக் கேட்காமல் நோட்டைக் கொடுத்திருந்தால், அது அவசரம் என்றே நினைக்கிறேன். 'அப்பாவைப் போல நானும்' என்ற எண்ணம் அந்த நோட்டின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டியது. மலை ஏறும் பயம் தணிந்த பிறகும் குற்ற உணர்வோ வெறுமையோ தங்கினால், அல்லது அப்பாவிடம் காட்டிய அதே முறிவு மனைவியிடமோ முதலாளியிடமோ திரும்பினால், அப்போது கோட்டயம் போகலாம். ஒரே நேரத்தில் இருவரிடமும் போவது வேண்டாம்.

கேள்வி: நான் உளவியல் முதுகலை மாணவன். பாடக் குறிப்புகளில் உள இயக்கவியல், சி.பி.டி. ஆகிய இரண்டு முறைகளையும் எதிரெதிர்க் கட்டங்களில் போட்டிருக்கிறார்கள்: ஒன்று கடந்த காலம், மற்றது நிகழ்காலம், ஒன்று ஆழ்மனம், மற்றது வெளிமனம், ஒன்று நீண்டது, மற்றது குறுகியது. எல்லைக்கோடு இவ்வளவு தெளிவானதா? — வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: எல்லைக்கோடு எவ்வளவு தெளிவாக இருக்கும் என்பதைக் கொழிஞ்சாம்பாறைக்காரரிடமிருந்து நான்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தேர்வுக்கு அந்த அட்டவணை உதவும். ஆலோசனைக்கு வந்தவர் எதிரே அமர்ந்ததும் உதவாது.

சி.பி.டி.க்கு அடிப்படையான அறிவாற்றல் சிகிச்சையை உருவாக்கிய ஆரோன் பெக், முறைப்படி உளப்பகுப்பாய்வுப் பயிற்சி பெற்றவர். மனச்சோர்வு என்பது தன்மீதே திரும்பிய கோபம் என்ற உளப்பகுப்பாய்வுக் கருத்தை நிரூபிப்பதற்காகவே அவர் நோயாளிகளின் கனவுகளை ஆராய்ந்தார். கனவுகளில் அவர் எதிர்பார்த்த கோபம் கிடைக்கவில்லை. இழப்பும் தோல்வியும் ஏமாற்றமுமே திரும்பத் திரும்பக் கிடைத்தன. விழித்திருக்கும்போதும் இவர்கள் தங்களைப் பற்றி இப்படித்தான் நினைக்கிறார்கள் என்றால், மறைந்திருக்கும் கோபத்தைத் தேடுவதைவிட அந்த நினைப்பையே நேரடியாகப் பரிசீலிக்கலாமே என்ற இடத்துக்கு அவர் 1960-களின் தொடக்கத்தில் வந்து சேர்ந்தார். சி.பி.டி.யின் இன்னொரு முன்னோடியான ஆல்பர்ட் எல்லிஸும் உளப்பகுப்பாய்விலிருந்து வெளியேறியவரே.

காலம் பற்றிய கட்டமும் அப்படித்தான். பெக்கின் முறையில், கணத்தில் எழும் எண்ணத்துக்குக் கீழே 'நான் எதற்கும் லாயக்கில்லாதவன்' என்பது போன்ற அடிப்படை நம்பிக்கைகள் உண்டு. அவை பெரும்பாலும் இளமையில் உருவானவை. ஜெஃப்ரி யங்கின் ஸ்கீமா சிகிச்சை அந்தத் தளத்தை மேலும் தோண்டியது. ஆன்டணி ரைல் பிரிட்டனில் இரண்டையும் வெளிப்படையாகவே இணைத்து ஒரு சிகிச்சை முறையை அமைத்தார். மறுபுறம், உள இயக்கவியல் என்றாலே சாய்விருக்கையில் படுத்துப் பல ஆண்டுகள் பேசுவது என்று நினைப்பதும் பழைய படம். மேலே சொன்ன 24 அமர்வு சிகிச்சையை நினைவில் கொள்ளுங்கள்.

உண்மையான வேறுபாடு வேறோரிடத்தில் இருக்கிறது. வந்தவர் வீட்டுப்பாடத்தை அழகான கையெழுத்தில், ஒரு நாள்கூட விடாமல் எழுதிக் கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சி.பி.டி. சிகிச்சையாளர் மகிழ்ந்து அதன் உள்ளடக்கத்துக்குள் போவார். உள இயக்கவியலாளர், 'இவர் யாரைத் திருப்திப்படுத்த இவ்வளவு பாடுபடுகிறார்?' என்று கேட்பார். இரண்டாவது கேள்வி எழாத சிகிச்சை, தலையாட்டிப் பழகிய ஒருவரை மேலும் நன்றாகத் தலையாட்டப் பழக்கிவிடக்கூடும். அந்தக் கேள்வியிலேயே தங்கிவிடும் சிகிச்சையோ, நோட்டில் எழுதியிருக்கும் அவசரமான வேதனையைப் படிக்காமலே விட்டுவிடக்கூடும். நல்ல சி.பி.டி. சிகிச்சையாளரும் 'மற்றவரைத் திருப்திப்படுத்தாவிட்டால் கைவிடப்படுவேன்' என்ற நம்பிக்கையாக இதைக் கண்டுகொள்வார் என்பது உண்மை. ஆனால் அவர் அதைக் காகிதத்தில் சோதிப்பார். மற்றவர் அதைத் தமக்கும் வந்தவருக்கும் இடையே நடக்கும்போதே பிடிப்பார்.

உளப்பகுப்பாய்வு நமக்கு அண்மையில் இறக்குமதியானது என்று யாராவது சொன்னால், கிரீந்திரசேகர் போஸ் 1922-இலேயே கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார் என்பதை எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: பெட்டிமுடி நிலச்சரிவில் எங்கள் உறவினர் ஒரு குடும்பத்தையே இழந்தோம். அன்று முதல் இரவில் கனமழை பெய்தால் என் அக்கா படுப்பதில்லை. உடுத்திய சேலையோடு வாசலில் உட்கார்ந்திருக்கிறார். எண்ணங்களை மாற்றச் சொல்லும் சிகிச்சை பற்றி ஒருவர் சொன்னார். அக்காவின் எண்ணம் எப்படித் தவறாகும்? மழை பெய்தால் மலை சரிவது உண்மைதானே? — வாசகி, மூணாறு

பதில்: உண்மைதான். 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் லயங்கள் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) மண்ணில் புதைந்து 70 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களும் அவர்களுடைய பிள்ளைகளும். அதன்பின் மழைக்குப் பயப்படுகிறவரிடம் 'உங்கள் சிந்தனை பிழையானது' என்று தொடங்குபவர், சி.பி.டி.யையே சரியாகக் கற்கவில்லை என்பேன். அந்த முறையின் முதல் படி எண்ணத்தைச் சரிபார்ப்பது. சரிபார்த்து அது உண்மை என்று தெரிந்தால், அடுத்து பேச வேண்டியது அந்த ஆபத்துக்கு என்ன செய்வது என்பதைத்தான். அக்காவின் வீடு சரிவின் அடியில் இருக்கிறதா, எச்சரிக்கை வந்தால் எங்கே போவது, யார் செய்தி சொல்வார்கள் என்பவை சிகிச்சைக்குள் வர வேண்டிய கேள்விகள். அதைத் தாண்டி ஒன்று உண்டு. சாதாரணத் தூறலுக்கும் அவர் எழுந்து உட்கார்ந்தால், அந்த இரவின் ஒலியும் மணமும் இன்று நடப்பவைபோலத் திரும்பினால், அது அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தமாக இருக்கலாம். அதற்கென்றே வகுக்கப்பட்ட சி.பி.டி. முறைகள், அன்றைய மழையையும் இன்றைய மழையையும் நினைவில் மெல்லப் பிரித்து வைக்க உதவுகின்றன.

உள இயக்கவியலாளர் உங்கள் அக்காவிடம் வேறொன்றைக் கேட்க முயல்வார்: விழித்திருந்து யாரைக் காக்கிறார்? உயிர் பிழைத்தவர்களிடம் 'நான் மட்டும் ஏன் இருக்கிறேன்' என்ற குற்ற உணர்வு மிகுதியாக இருக்கும். வாசலில் அமர்ந்திருப்பது, அன்று விழித்திருக்க முடியாமல் போனதற்கு இன்று செலுத்தும் கடனாக இருக்கலாம். இதை ஒருவர் பொறுமையாகக் கேட்டால், எந்தச் சோதனையும் தராத ஆறுதல் கிடைப்பதுண்டு. ஆனால் அக்கா தாமே அந்த இடத்துக்கு வர வேண்டும். முதல் சந்திப்பிலேயே இதைச் சொல்லிக் காட்டுவது கொடுமை.

ஆபத்தான சரிவின் கீழேயே குடியிருக்கும்வரை எந்தச் சிகிச்சையும் ஓரளவுக்கு மேல் போகாது. அவரைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றக் கோரும் மனுவும், சிகிச்சைக்கான பதிவும் ஒரே வாரத்தில் போகட்டும்.

கேள்வி: எங்கள் வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். சிகிச்சைக்குத் திருப்பதி போனால் தெலுங்கில் பேச வேண்டியிருக்கிறது. கடைவீதியில் தெலுங்கு தடையில்லாமல் வருகிறது. அங்கே உட்கார்ந்தால் வருவதில்லை. இதனால் சிகிச்சை கெடுமா? — வாசகர், நகரி

பதில்: கெடாது, ஆனால் சிகிச்சையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். உளப்பகுப்பாய்வின் தொடக்கக் கதையே மொழிச் சிக்கலோடு வருவதுதான். 1880-களின் தொடக்கத்தில் வியன்னாவில் யோசப் பிராயர் கவனித்த பெர்த்தா பாப்பன்ஹைம் என்ற இளம்பெண், நோயின் ஒரு கட்டத்தில் தம் தாய்மொழியான ஜெர்மனை இழந்து ஆங்கிலத்தில் மட்டுமே பேசினார். 'பேச்சால் குணப்படுத்துதல்' என்ற பெயரைத் தந்தவரும் அவரே. பிராயரும் ஃபிராய்டும் 1895-இல் வெளியிட்ட நூலில் அவர் ஆனா ஓ. என்று குறிப்பிடப்படுகிறார்.

சி.பி.டி. என்றால், நோட்டைத் தமிழிலேயே எழுதுங்கள். பயம் வந்த கணத்தில் மனத்தில் ஓடிய வாக்கியத்தைத் தெலுங்காக்கி எழுதினால் அது ஆறிப்போய்விடும். அமர்வில் அதைத் தமிழில் வாசித்துவிட்டு, பிறகு தெலுங்கில் விளக்குங்கள். உள இயக்கவியல் முறை என்றால், எந்த இடத்தில் தெலுங்கு தடுமாறுகிறது, எந்த இடத்தில் சரளமாக வருகிறது என்பதையே சிகிச்சையாளர் கவனிப்பார். வீட்டு மொழியில் வாய் திறந்து சொல்லக் கூசுவதை இரண்டாம் மொழியில் சொல்லிவிட முடிகிறது என்று உணர்பவர்களும் உண்டு.

தமிழில் பேசியே தீர வேண்டும் என்ற நிலை வந்தால், 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கிய டெலி-மானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவையின் 14416 என்ற எண்ணை எந்த மாநிலத்திலிருந்தும் கட்டணமின்றி அழைத்து, தமிழைத் தேர்ந்துகொள்ளலாம். தொடர் சிகிச்சைக்கு எங்கே போவது என்பதையும் அங்கே கேட்கலாம். நேரில் ஒருவரிடம் போகும்போது, அவர் மருத்துவ உளவியலாளர் என்று சொன்னால், இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு எண்ணைக் கேட்பது உங்கள் உரிமை. மனநல மருத்துவரானால் மருத்துவ மன்றப் பதிவு இருக்கும். எந்த முறையில் பயிற்சி பெற்றவர், என் பிரச்சினையை எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறார், எத்தனை அமர்வுகளுக்குப் பிறகு இது பயன்படுகிறதா என்று இருவரும் சேர்ந்து பார்ப்போம் ஆகிய மூன்றையும் இரண்டாவது சந்திப்புக்குள் கேட்டுவிடுங்கள். மூன்றாவது கேள்விக்கு அவர் என்ன சொல்கிறார் என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு, அந்த அமர்வு வரும்போது நீங்களே நினைவூட்டுங்கள்.